தமிழ்நாட்டு நாட்டுப்புறப் பாடகர்களின் தொழில்வாழ்க்கை

தமிழ்நாட்டில் நாட்டுப்புறப் பாடல்களை மக்கள் முன்னிலையில் பாடி, அதனால் முழுமையாகவோ பகுதியாகவோ வருவாய் ஈட்டுவோர் நாட்டுப்புறப் பாடகர்கள் எனப்படுகின்றனர். ஐக்கிய அமெரிக்காவில் கன்ட்ரி இசை பாடுவோருக்கும், "பாடும் கௌபாய்" எனத் திரையில் தோன்றியோருக்கும் தமிழ்ச் சூழலில் மிக நெருங்கியவர்கள் இவர்களே எனலாம். இரு நாடுகளிலும் வயலிலும் வீட்டிலும் வேலையோடு வேலையாகப் பாடப்பட்ட பாட்டு, வானொலி, ஒலிப்பதிவு, திரைப்படம் ஆகியவற்றின் வழியே பிழைப்புக்குரிய தொழிலாக மாறியது. எனினும் அமெரிக்காவில் பாட்டுக்கு உரிமையாளர் ஒருவர் தொடக்கத்திலேயே தோன்றிவிட்டார். தமிழ்நாட்டிலோ பாடகர் பெரும்பாலும் அன்றைய நிகழ்ச்சிக்கான ஊதியத்தை மட்டுமே பெற்றார்.

பாட்டு தொழிலாகும் முன்

தாலாட்டு, நடவுப்பாட்டு, ஏற்றப்பாட்டு, கும்மி முதலியவற்றைப் பாடுவோர் அதற்கெனக் கூலி பெறுவதில்லை. வேலைக்குத்தான் கூலி, பாட்டு களைப்பைப் போக்குவதற்கு. கூலியுடன் கூடிய பாட்டு எனில் வில்லுப்பாட்டு, தெருக்கூத்து, சாவு வீட்டு ஒப்பாரி போன்றவற்றைக் குறிப்பிடலாம். இவற்றுள் ஒப்பாரியும் பறையிசையும் பல ஊர்களில் குறிப்பிட்ட சாதியினர் மீது சுமத்தப்பட்ட கடமையாகவே இருந்தன. நெல்லோ சிறு தொகையோ கிடைத்தாலும் அதனைத் தொழில் என்று சொல்வது பொருந்தாது. மறுக்கும் உரிமை இல்லாத இடத்தில் தொழில் என்ற சொல்லுக்கு இடமில்லை. இக்கலைகளை ஊரின் கட்டாயத்திலிருந்து மேடைக்குக் கொண்டுவந்தோருள் கே. ஏ. குணசேகரன் (1955–2016) முக்கியமானவர். சிவகங்கை வட்டாரத்தில் பிறந்த இவர் தன்னானே என்னும் கலைக்குழுவை நடத்தினார். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நாடகப் பேராசிரியராகப் பணியாற்றினார். "வடு" என்னும் தன்வரலாற்றையும் எழுதினார்.

அமெரிக்க ஒப்புமை

1927 ஆம் ஆண்டு கோடையில் விக்டர் நிறுவனத்துக்காக ரால்ஃப் பியர் என்பவர், டென்னசி, வர்ஜீனியா மாநிலங்களின் எல்லையிலுள்ள பிரிஸ்டல் நகரில் வட்டாரப் பாடகர்களை வரவழைத்து ஒலிப்பதிவு செய்தார். கார்ட்டர் குடும்பத்தினரும், தொடருந்தில் பிரேக்மேனாக வேலை செய்த ஜிம்மி ரோட்ஜர்ஸும் அங்குதான் கண்டறியப்பட்டனர். பதிப்புரிமை கோரத்தக்க பாடல்களையே பியர் விரும்பினார். ஆகவே ஏ. பி. கார்ட்டர் மலையூர்களில் அலைந்து பழைய பாடல்களைத் திரட்டித் தம் பெயரில் பதிவு செய்தார். அவருடன் சென்று மெட்டுகளை நினைவில் வைத்து மீட்டுக் கொடுத்த கறுப்பினக் கிதார்க் கலைஞர் லெஸ்லி ரிடிலின் பெயர் அப்பதிவுகளில் இடம்பெறவில்லை. பொதுச்சொத்தான பாட்டு தனிச்சொத்தானது இவ்வாறுதான். இதில் நியாயம் எவ்வளவு என்பது வேறு கேள்வி. பாடகருக்கு நிகழ்ச்சி ஊதியம் தவிர இன்னொரு வருவாய்க்கு வழி பிறந்தது என்பதே இங்கு கவனிக்கத்தக்கது.

பாடும் கௌபாய்களின் நிலை இன்னும் சுவையானது. இவ்வகை நடிகர்களுள் பெரும்புகழ் பெற்ற ஜீன் ஆட்ரி தொடருந்து நிலையத்தில் தந்தி அனுப்புநராக இருந்தவர். வானொலியில் பாடி, 1930களில் திரைக்கு வந்து, பின்னர் ஒலிபரப்பு நிலையங்களுக்கும் ஒரு பேஸ்பால் அணிக்கும் உரிமையாளரானார். ராய் ரோஜர்ஸ் பிறந்தது ஒகையோவின் சின்சினாட்டி நகரில். மாடு மேய்த்த உண்மையான கௌபாய்களின் பாடல்களை ஜான் லோமாக்ஸ் 1910 இல் நூலாகத் தொகுத்தார். ஆனால் அப்பாடல்களால் செல்வந்தரானோர் வேறு ஆட்களே.

இந்தியாவில் இம்மரபை நேரடியாகப் பின்பற்றியவராகத் தேராதூனைச் சேர்ந்த பாபி கேஷ் அறியப்படுகிறார். "இந்தியக் கௌபாய்" என்ற அடைமொழியுடன் ஆத்திரேலியாவில் புகழ்பெற்றார். ஜெய்சங்கர் நடிப்பில் கர்ணன் இயக்கிய கங்கா (1972), ஜக்கம்மா (1972) முதலிய தமிழ்க் கௌபாய்ப் படங்களுக்கு இப்பாட்டு மரபுடன் தொடர்பு இல்லை. அவற்றின் குதிரையும் துப்பாக்கியும் இத்தாலியப் படங்களின் வழி வந்தவை.

வானொலியும் அரசியல் மேடையும்

சென்னை வானொலி நிலையம் 1938 இலும், திருச்சி நிலையம் 1939 இலும் தொடங்கப்பட்டன. குரல் தேர்வில் வெற்றி பெறும் நாட்டுப்புறப் பாடகருக்கு வானொலி நிகழ்ச்சிக்கு இவ்வளவு என ஊதியம் வழங்கியது. தொகை சிறிதெனினும், ஒப்பந்தத் தாளுடன் கூடிய ஊதியம் என்பது பலருக்குப் புதிது. வானொலியில் பாடியவர் என்ற பெயர் திருவிழா மேடையிலும் மதிப்பைத் தந்தது.

வில்லுப்பாட்டுக் கலைஞர் சுப்பு ஆறுமுகம் (1928–2022) நெல்லைச் சீமையிலிருந்து என். எஸ். கிருஷ்ணனால் சென்னைக்கு அழைத்து வரப்பட்டவர். காந்தியின் வாழ்க்கை முதல் அரசின் நலத்திட்டங்கள் வரை வில்லில் பாடிய இவருக்கு 2021 இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. சுடலைமாடன் கோயில் கொடையில் வளர்ந்த ஒரு கலை, அரசுப் பரப்புரைக்கும் பயன்படும் ஒன்றாக மாறியதை இவரது வாழ்க்கை காட்டுகிறது.

பண்ணைப்புரத்தைச் சேர்ந்த பாவலர் வரதராசன் பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் நாட்டுப்புற மெட்டில் பாடி வந்தவர். 1958 இல் தேவிகுளம் இடைத்தேர்தலில் இவர் பாடிய பாடல்கள் பரவலாகப் பேசப்பட்டன. அக்குழுவில் உடன் வாசித்த இளவல் இளையராஜா 1976 இல் அன்னக்கிளி படத்தின் மூலம் திரையிசையமைப்பாளரானார். இதன் பின்னர் நாட்டுப்புற மெட்டு திரையிசையின் மையத்துக்கு வந்தது. மெட்டு வந்த வேகத்தில் மெட்டுக்குரிய ஊர்ப்பாடகர்கள் வரவில்லை.

திரைப்படம்

சிவகங்கை மாவட்டம் கொல்லங்குடியைச் சேர்ந்த கருப்பாயி பள்ளி செல்லாதவர். வானொலியில் பாடி அறியப்பட்டார். பாண்டியராஜன் இயக்கிய ஆண்பாவம் (1985) படத்தில் பாட்டியாக நடித்துப் புகழ்பெற்றபோது அவருக்கு வயது ஏறத்தாழ அறுபது. 1993 இல் கலைமாமணி விருது பெற்றார். 2025 சூன் மாதம் தமது 99 ஆம் வயதில் காலமானார்.

மதுரைக்கு அருகிலுள்ள பரவையைச் சேர்ந்த முனியம்மா பல ஆண்டுகள் கோயில் திருவிழாக்களில் பாடியவர். தூள் (2003) படத்தில் பாடி நடித்தபோது அவரும் அறுபதைக் கடந்திருந்தார். அதன் பின் பல படங்களில் நடித்தார்; கலைஞர் தொலைக்காட்சியில் கிராமத்துச் சமையல் நிகழ்ச்சியும் நடத்தினார். இத்தனைக்குப் பின்னும் 2015 இல் நோயுற்றபோது அவருக்கு உதவி தேவைப்பட்டது. அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா ரூ. 6 இலட்சத்தை வைப்பு நிதியாக வழங்க ஆணையிட்டார். முனியம்மா 2020 மார்ச் 29 அன்று மறைந்தார்.

இவ்விருவர் வாழ்விலும் ஓர் ஒற்றுமை தெரிகிறது. இளமையில் பாடிய பாட்டுக்குப் பெரும்புகழ் கிடைக்கவில்லை. முதுமையில் கிடைத்த புகழுக்குக் காரணம் பாட்டோடு அவர்களது தோற்றமும் பேச்சுமே. "கிராமத்துப் பாட்டி" என்ற ஒரே வேடத்துக்குள் திரைப்படம் அவர்களை வைத்தது.

கல்வி வழியாக வந்தவர்களின் பாதை வேறு. விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் தம் கணவருடன் ஊர் ஊராகச் சென்று பாடல்களைச் சேகரித்தார். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இவருக்கு 2018 இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. வேதாரண்யம் பகுதியைச் சேர்ந்த புஷ்பவனம் குப்புசாமி, மனைவி அனிதாவுடன் இணைந்து மேடைக் கச்சேரிகளாலும் ஒலிநாடாக்களாலும் உலகத் தமிழரிடையே அறியப்பட்டார். தன்னானே குழுவில் பாடிய சின்னப்பொண்ணு, காதலில் விழுந்தேன் (2008) படத்தின் "நாக்க முக்க" பாடலால் நாடெங்கும் புகழடைந்தார். நாட்டுப்புறப் பாடகர் செந்தில் கணேஷ் 2018 இல் விஜய் தொலைக்காட்சியின் சூப்பர் சிங்கர் போட்டியில் வென்றார்.

வடமாவட்டங்களின் நிலை

மேற்கண்டவர்களுள் பெரும்பாலோர் தென்மாவட்டத்தினர் அல்லது காவிரிப் பகுதியினர் என்பதை வாசகர்கள் கவனித்திருக்கலாம். ஆந்திர எல்லையை ஒட்டிய கனகம்மாசத்திரம், திருத்தணி முதலிய ஊர்களை உள்ளடக்கிய தொண்டை மண்டலத்தில் பாட்டுத் தொழில் என்பது முதன்மையாகத் தெருக்கூத்தே ஆகும். (திருத்தணி வட்டாரம் 1960 ஏப்ரல் 1 அன்றுதான் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துடன் இணைக்கப்பட்டது. தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் பகுதி இது.) திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் படிக்கப்படும் நாட்களில் இரவு முழுவதும் கூத்து நடைபெறும், படுகளமும் தீமிதியும் அதன் முடிவாகும். திருவிழாக் குழுவினர் வெற்றிலை பாக்குடன் முன்பணம் கொடுத்துக் கூத்துக்குழுவை அமர்த்துவர். வருவாய் பொதுவாக வேடத்துக்கும் திறமைக்கும் ஏற்பப் பங்கிடப்படும். பார்வையாளர் தரும் அன்பளிப்பைக் கட்டியங்காரன் கொடுத்தவர் பெயருடன் அறிவிப்பது வழக்கம்.

கூத்துப் பாடகர் திரைக்கு அதிகம் வராமைக்கு அவரது பாட்டின் இயல்பே ஒரு காரணம் எனலாம். நள்ளிரவில் துரியோதனன் வேடத்தில் உச்சத்தில் பாடுவதையும் பின்பாட்டுக்காரர் அதனை ஏற்றுப் பாடுவதையும் மூன்று நிமிடப் பாடலாக வெட்டியெடுக்க இயலாது. மேலும் திருவிழாக் காலம் பங்குனியில் தொடங்கிச் சில மாதங்களே நீடிப்பதால், ஆண்டின் எஞ்சிய பகுதிக்கு வேளாண்மை, நெசவு அல்லது கூலிவேலையை நம்ப வேண்டியுள்ளது.

உரிமையும் பாதுகாப்பும்

ஆசிரியர் பெயர் அறியப்படாத நாட்டுப்புறப் பாட்டுக்கு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி (1957) பாடகர் உரிமை கோர இயலாது. அதே மெட்டை மாற்றியமைத்துத் திரையில் பயன்படுத்துவோர் தம் ஆக்கத்துக்கு உரிமை பெறலாம். 1994 ஆம் ஆண்டுத் திருத்தம் நிகழ்த்துநர் உரிமையை அறிமுகப்படுத்தியது; 2012 ஆம் ஆண்டுத் திருத்தம் வணிகப் பயன்பாட்டில் நிகழ்த்துநருக்கும் பங்குண்டு என்றது. பாடகர்களுக்காக அப்பங்கைத் திரட்டும் சங்கம் 2013 இல் உருவானது. ஆனால் இவ்வுரிமையைப் பெற ஒலிப்பதிவு, ஒப்பந்தம், உறுப்பினர் பதிவு ஆகியவை வேண்டும். திருவிழா மேடையில் பாடிவிட்டு அதிகாலைப் பேருந்தில் ஊர் திரும்புபவரிடம் இம்மூன்றையும் எதிர்பார்ப்பது கடினம்.

தமிழ்நாடு அரசு நாட்டுப்புறக் கலைஞர்களுக்கென நல வாரியம் ஒன்றை 2007 இல் அமைத்தது. அதே ஆண்டு தொடங்கிய சென்னை சங்கமம் விழா நகரத் தெருக்களிலும் பூங்காக்களிலும் இக்கலைஞர்களைப் பாடச் செய்தது. இடையில் நின்றுபோன அவ்விழா 2023 பொங்கலின்போது மீண்டும் நடத்தப்பட்டது.