கிணற்றடியில் கேட்கும் கணக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலையும் இல்லை, வற்றாத ஆறும் இல்லை. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாறு கோடையில் வறண்டுவிடும். குடிக்கவும் தோட்டத்துக்கு இறைக்கவும் பெரும்பாலும் கிணறுதான்.

மழைத்துளி விழும்போதே காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. செம்மண்ணில் இறங்குகையில் அந்த வாயு இன்னும் சேர்கிறது. அந்த நீர் மண்ணுக்கு அடியிலுள்ள சுண்ணாம்புக்கல்லை அரிக்கிறது. கேத்தலின் அடியில் படியும் வெள்ளைக் காவி அப்படிக் கரைந்து வந்த கல்தான்.

நிலத்தடியில் நன்னீர் உவர்நீரின் மேல் மிதக்கிறது. நன்னீர் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி இருந்தால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது நீரியல் கணக்கு. மேலே ஓர் அடி குறைந்தால், காலப்போக்கில் கீழிருந்து 40 அடிக்கு உவர் ஏறலாம். புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீர், ஆழத்தில் உவர்நீர்.

மாரி பொய்த்து, இறைப்பு மிஞ்சி, கடல்மட்டமும் உயர்ந்தால் இந்தச் சமநிலை குலையும்.

மேலிருந்தும் ஆபத்து வருகிறது. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இடும் பசளையும் மலசலக்குழிக் கழிவும் நைத்திரேற்றாகக் கிணற்றில் இறங்குகின்றன. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம்தான் உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. மீறினால் கைக்குழந்தைகளின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கத் திணறும். சுன்னாகத்தில் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்த வழக்கில், மின் நிலைய நிறுவனம் 2 கோடி ரூபாய் இழப்பீடு வழங்க வேண்டுமென 2019இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

குளங்களைத் தூர்வாருவோம், கூரை மழைநீரைச் சேமிப்போம், பசளையை அளந்து இடுவோம். குழந்தை உள்ள வீட்டார் கிணற்று நீரைப் பரிசோதித்துவிடுங்கள். கொதிக்க வைப்பதால் நைத்திரேற்று போகாது.