உப்பைக் குறைக்க ஒரு பச்சிலை

பச்சைத்தோல் கெட்டிருக்கிறதா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். வயிற்றோரத்து முடியை இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் போதும். முடி நின்றால் தோல் தேறும். கொத்தாகக் கையோடு வந்தால் பாக்டீரியா உள்ளே புகுந்து வேரை அரித்துவிட்டது என்று பொருள். பேரணாம்பட்டு மண்டியிலும் ஆம்பூர் தோல் ஷாப்புகளிலும் தரம் பிரித்தே வாழ்ந்தவன் நான். கொத்தாக வரும் ஒவ்வொரு தோலுக்கும் மனசு பதறும்.

உரித்த சில மணி நேரத்திலேயே அழுகல் தொடங்கிவிடும். அதைத் தடுக்கத் தோலின் எடையில் ஏறக்குறைய பாதி அளவு உப்பைத் தேய்க்கிறோம். உப்பு ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் குறைந்தால் பாக்டீரியா பெருகாது. ஆனால் தோல் பதனிடும் டேனரியில் முதல் வேலையே அந்த உப்பை ஊறவைத்துக் கழுவுவதுதான். பாலாற்று மாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்பளித்தபின் எல்லோரும் பதனிடப் பயன்படும் குரோமியத்தைப் பற்றியே பேசினார்கள். குரோமியத்தைப் பிரித்தெடுக்கலாம். கரைந்த உப்பு சாதாரணச் சுத்திகரிப்புக்கு அடங்காது; சவ்வில் வடிகட்டி, மிச்ச நீரை ஆவியாக்க வேண்டும். அப்போதும் உப்பு மூட்டை மூட்டையாகத் தங்கிவிடும்.

செடியிடம் உதவி கேட்பது நம் ஊருக்குப் புதிதல்ல. ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் உள்ள துவர்ப்புப் பொருள் தோலின் புரதத்தோடு இறுகப் பிணைந்துகொள்ளும். பிறகு பாக்டீரியாவால் அதைச் சிதைப்பது கடினம். ஆனால் அது பதனிடும் கட்டம். அதற்கு முன், கறிக்கடையிலிருந்து டேனரி சேரும்வரை தோலைக் காப்பதுதான் சிக்கல்.

சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தார் இதில் இறங்கியிருக்கிறார்கள். கடலோர உவர்நிலத்தில் படரும் சதைப்பற்றுள்ள ஒரு செடியின் இலையை அரைத்துக் கொஞ்சம் உப்போடு கலந்து தோலில் பூசிப் பார்த்தார்கள். சேராங்கொட்டைச் சாற்றைக் கொண்டு தோலைக் குறுகிய காலம் காக்கும் ஆய்வு 2013-ல் வெளியானது. எனக்குச் சேராங்கொட்டையில் தயக்கம் உண்டு. அதன் பால் பட்டால் உடம்பு கொப்பளிக்கும். எங்கள் மண்டிகளில் வெறுங்கையால்தான் தோலைப் புரட்டுகிறார்கள். இலைதான் நல்லது.

அரைத்த இலை சீக்கிரம் புளித்துவிடும். ஆகவே காயவைத்த பொடியாக, ஆடு உரிக்கும் இடத்திலேயே, ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடைக்காரர் கைக்கு எட்ட வேண்டும். பக்ரீத்துக்கு மறுநாள் லாரி லாரியாகத் தோல் வரும்போதும் அது தாக்குப்பிடிக்கிறதா என்று மண்டியில் சோதிக்க வேண்டும். பொடி உப்பைவிட விலை கூடினால் அந்த வித்தியாசத்தை டேனரிகளே ஏற்கட்டும். கழிவுநீரை ஆவியாக்கும் செலவில் ஒரு பங்கு அவர்களுக்குத்தானே மிச்சமாகும்.