மாத்திரை நின்றால் நகை போகும்!

வீட்டுப் பெரியவர்களுக்குப் பெரிய வைத்தியச் செலவு வந்தால், முதலில் அடகுக் கடைக்குப் போவது நம் நகைதான். எங்கள் தெருவில் ஒரு தாத்தா, "உடம்பு நல்லாத்தானே இருக்கு" என்று பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டார். பக்கவாதம் வந்து, தஞ்சாவூரில் தனியார் ஆஸ்பத்திரியில் பதினைந்து நாள். மருமகளின் ஐந்து பவுன் சங்கிலி இன்னும் அடகில்தான் இருக்கிறது.

பிரஷரும் சர்க்கரையும் வலி காட்டாமலே மூளையையும் சிறுநீரகத்தையும் கெடுப்பவை. அதைக் கட்டுக்குள் வைக்க ஆகும் செலவு ரொம்பக் கம்மி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீடு தேடியே வந்தது. நடக்க முடியாதவர்களுக்கு வீட்டிலேயே பிசியோதெரபியும் கொடுத்தார்கள்.

என் மாமியாருக்கு வயது 68. தினமும் சாயங்காலம் நாலு பாட்டிகளோடு எங்கள் ஊர் 108 சிவாலயத்தைச் சுற்றி வருகிறார். நடையும் ஆச்சு, பேச்சும் ஆச்சு. மாத்திரை தீரும் தேதியைக் காலண்டரில் குறித்து வைப்பது என் வேலை. ஊறுகாய், அப்பளத்தைக் குறைத்துவிட்டோம். பாத்ரூமில் பாசி படியாமல் தேய்த்து விடுகிறேன். வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் ஆபரேஷன் வரை போய்விடுமே!

தோழியரே, மாதம் ஒரு நாள் பெரியவர்களைக் கையோடு அழைத்துப் போய் பிரஷர், சர்க்கரை பாருங்கள். டாக்டர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்த விடாதீர்கள். படுத்த பிறகு ஓடுவதைவிட, நடமாடும்போதே கவனிப்பது செலவும் குறைவு, நிம்மதியும் அதிகம்.

— ஒரு வாசகி, பாபநாசம்.