வரிக் கணக்குத் தாக்கல்: பட்டதாரிகளுக்கு ஒரு பொறுப்பான தொழில்

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் வட்டிச் சான்றிதழ் கேட்டு வரும் வாடிக்கையாளர்களால் நமது கிளைகள் நிறைந்துவிடும். அவர்களுள் பெற்றோர் சிலர், "பிள்ளை பி.காம். முடித்திருக்கிறான், பிறருக்கு வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து தரும் தொழிலில் இறங்கலாமா?" என்று கேட்பதுண்டு. தாராளமாக இறங்கலாம் என்பதே நமது விடை. ஆயினும், நாம் நேரில் கண்ட ஒன்றை முதலில் சொல்லியாக வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன், நம்மிடம் ஊதியக் கணக்கு வைத்திருந்த ஆலைத் தொழிலாளர் ஒருவர் வருமான வரித் துறையின் அறிவிப்புடன் வந்தார். திரும்பக் கிடைக்கும் தொகையில் பத்தில் ஒரு பங்கைக் கட்டணமாகப் பேசிக்கொண்ட ஒருவர், அவர் கொடுக்காத நன்கொடையையும் வாங்காத கல்விக் கடனின் வட்டியையும் கழிவாகக் காட்டியிருந்தார். பெற்ற பணத்தை வட்டியுடன் திருப்பிக் கட்ட, மகளின் திருமணத்திற்கென வைத்திருந்த வைப்புத்தொகையை அவர் முதிர்வுக்கு முன்பே முடித்துக்கொண்டார். கணக்கை எழுதியவர் எவராயினும், பொறுப்பு வரி செலுத்துபவருடையதே. வருமானத்தைத் திரித்துக் காட்டினால், அதற்குரிய வரியைப் போல் இருமடங்கு தண்டம் விதிக்கவும் சட்டத்தில் இடமுண்டு.

ஆகவே, நேர்மையான கைகளுக்கு இத்துறையில் என்றும் தேவை இருக்கிறது.

இந்தியாவில் தனிநபரின் வரிக் கணக்கைத் தயாரித்துத் தரத் தனி உரிமம் தேவையில்லை. வணிகவியல் பட்டதாரி, வாடிக்கையாளரின் பிரதிநிதியாக வரி அலுவலர் முன் தோன்றவும் விதிகள் அனுமதிக்கின்றன. வரித் தணிக்கை மட்டும் பட்டயக் கணக்கர்களுக்கே உரியது. வருமான வரிப் பணி பெரும்பாலும் ஜூலையோடு ஓய்ந்துவிடும், ஜி.எஸ்.டி. பணியோ மாதந்தோறும் வரும். வணிகவியல், சட்டம், வங்கியியல், வணிக நிர்வாகம் ஆகியவற்றுள் ஒன்றில் பட்டம் பெற்றவர், ஜி.எஸ்.டி. இணையதளத்தில் பி.சி.டி.-01 படிவத்தின் வழியே ஜி.எஸ்.டி. பிராக்டிஷனராகப் பதிய விண்ணப்பிக்கலாம்.

தொடங்குவதற்கும் இது ஏற்ற காலம். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில், 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்துள்ளது. 'முந்தைய ஆண்டு', 'மதிப்பீட்டு ஆண்டு' என்னும் இரண்டும் போய், 'வரி ஆண்டு' என்னும் ஒன்றே வழக்கிற்கு வந்திருக்கிறது. அனுபவம் பழுத்தவரும் மீண்டும் பாடம் படிக்கும் வேளை இது.

முதல் இரண்டு பருவங்கள் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் பணியாற்றுவது நலம். ஊதியச் சான்று, வங்கி வட்டி, 'ஏ.ஐ.எஸ்.' எனப்படும் ஆண்டுத் தகவல் அறிக்கை ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு, வேறுபாட்டிற்குக் காரணம் கண்டறியும் பழக்கம் அங்கேதான் வாய்க்கும். பின்னர்த் தனியே தொடங்குவோர், கணினிக்கும் அச்சுப்பொறிக்கும் முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் ரூ.50,000 வரை கடன் கோரி நமது கிளைகளை அணுகலாம்.

மூன்று விதிகளை மட்டும் தொடக்க நாளிலேயே வகுத்துக்கொள்ளுங்கள். திரும்பக் கிடைக்கும் தொகையில் பங்கு கேளாதீர்கள். சான்று இல்லாத கழிவை எழுதாதீர்கள். தாக்கல் செய்ததன் நகலை வாடிக்கையாளரிடம் கொடுத்து, அதிலுள்ளதை விளக்கிச் சொல்லுங்கள். இவற்றால் முதலாண்டில் சிலர் உங்களை விட்டு விலகக்கூடும். தங்கியவர்களோ அடுத்த ஆண்டு தம் உறவினரையும் அழைத்து வருவார்கள்.