“விரும்பித்தானே வந்தாள்?” சட்டம் ஏற்காத கேள்வி

விபசாரம் என்று பேச்செடுத்தாலே இரண்டு அணி கிளம்பிவிடும். “விடுதிகளுக்கு லைசென்ஸ் கொடுத்தால் பெண்களுக்குப் பாதுகாப்பு” என்பது ஓர் அணி. “அடியோடு மூட வேண்டும்” என்பது மறு அணி. பினாங்கு இரண்டையும் பார்த்துவிட்டது.

பாகான் டாலாமுக்கு அக்கரையில், ஜார்ஜ்டவுனின் கேம்பல் தெருவும் சிந்த்ரா தெருவும் ஒரு காலத்தில் விடுதிகளுக்குப் பேர்போனவை. சீனாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் ஏழைப் பெண்கள் அங்கே கொண்டுவரப்பட்டார்கள். நீரிணைக் குடியேற்றங்களில் 1870இல் வந்த சட்டம் விடுதிகளைப் பதிவு செய்யச் சொன்னது. பெண்களுக்கு மருத்துவப் பரிசோதனை வைத்தது. வந்துபோன ஆண்களை யாரும் சோதிக்கவில்லை. விற்கப்பட்ட பெண்ணின் கடனும் தீரவில்லை. பிறகு 1930 வாக்கில் விடுதிகள் மூடப்பட்டன. தொழிலோ ஒளிந்துகொண்டது.

இன்றைய சட்டம் என்ன சொல்கிறது? குற்றவியல் சட்டத்தின் 372, 372ஏ, 372பி, 373 பிரிவுகள் பெண்ணைச் சுரண்டுவது, அவள் சம்பாத்தியத்தில் பிழைப்பது, ஆள் அழைப்பது, விடுதி நடத்துவது ஆகியவற்றைக் குற்றமாக்குகின்றன. 2007ஆம் ஆண்டின் ஆள்கடத்தல் தடுப்புச் சட்டம் இன்னும் ஆழமாகப் போகிறது. “அவள் சம்மதித்துத்தான் வந்தாள்” என்று கடத்தியவன் தப்பிக்க முடியாது என்கிறது 16ஆவது பிரிவு. கடத்தப்பட்டவர் மீது சட்டவிரோதமாக நுழைந்ததற்காகவோ போலிக் கடப்பிதழுக்காகவோ வழக்குப் போடக்கூடாது என்கிறது 25ஆவது பிரிவு.

சிக்கல் எங்கே? சோதனை நடக்கும் அந்த இரவில். உணவக வேலை என்று ஏமாற்றி அழைத்துவரப்பட்டவளை அதிகாரி அடையாளம் காணாவிட்டால், அவள் வெறும் குடிநுழைவுக் குற்றவாளி. தடுப்புக் காவல், பிறகு நாடு கடத்தல். அவளை விற்றவனுக்கு எதிரான சாட்சியும் அவளோடு கப்பலேறிவிடுகிறது. இது தெரிந்துதான் முதலாளி, “போலீஸ் வந்தால் உள்ளே போவது நீதான்” என்று மிரட்டுகிறான். அடி வாங்கினாலும் அவள் வாய் திறப்பதில்லை.

வெளிநாட்டு உதாரணம் காட்டுவோர் உண்டு. சுவீடன் 1999 முதல் வாங்குபவனைத் தண்டிக்கிறது, பெண்ணை அல்ல. நியூசிலாந்து 2003இல் தொழிலை அனுமதித்தது. ஆனால் தற்காலிக விசாவில் வந்த பெண்களுக்கு அந்த அனுமதி இல்லை. ஆக, அங்கேயும் அந்நியப் பெண்தான் இருட்டில் நிற்கிறாள்.

எந்தச் சட்டம் வந்தாலும் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. கடப்பிதழ் யார் கையில்? கடன் எவ்வளவு? நாளைக்கே வேண்டாமென்று அவளால் கிளம்ப முடியுமா? முடியாது என்றால் அவள் கைதி. உங்கள் வட்டாரத்தில் அப்படி ஒருத்தி இருப்பதாகச் சந்தேகம் வந்தால் 999, அல்லது தாலியான் காசே 15999. ஏசுவதற்கு முன் எண்ணை அழுத்துங்கள்.