ஓபரா 15 வந்தபோது பயனர்கள் ஏன் கொதித்தார்கள்?

நம்ம ஊரில் ஓபரா என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது பழைய நோக்கியா போனில் ஓடிய ஓபரா மினிதான். தமிழ் எழுத்துரு இல்லாத போனிலும் தமிழ்த் தளங்களைப் படிக்க, முகவரிப் பட்டையில் opera:config என்பதற்குரிய பக்கத்தைத் திறந்து, சிக்கலான எழுத்துகளைப் படமாகக் காட்டும்படி ஓர் அமைப்பை மாற்றுவோம். கட்டம் கட்டமாகத் தெரிந்த பக்கம் தமிழாக மாறும். இந்தக் கட்டுரை அந்த ஓபரா மினியின் அண்ணனைப் பற்றியது, அதாவது கணினியில் ஓடிய ஓபரா உலாவி. 2013 ஜூலை 2 அன்று அதன் 15ஆம் பதிப்பு வந்தது. வருடக்கணக்கில் அந்த உலாவியை விட்டு அசையாத ஆட்கள், புதிய பதிப்பைப் பார்த்ததும் கொதித்துப் போனார்கள்.

"மாற்றம்னாலே ஜனங்களுக்குப் பிடிக்காது, ரெண்டு மாசத்துல பழகிடும்." இப்படி ஒரு பதில் மென்பொருள் துறையில் எப்போதும் தயாராக இருக்கும். நானும் அந்தத் துறையில்தான் இருக்கிறேன், இந்த வாக்கியத்தைக் கூட்டங்களில் நிறையக் கேட்டிருக்கிறேன். ஓபரா 15 விஷயத்தில் இந்தப் பதில் பொருந்தவில்லை. ஏன் பொருந்தவில்லை என்று பார்க்கலாம்.

முதலில் கொஞ்சம் பின்னணி

ஓபரா நார்வேயில் பிறந்தது. 1994இல் டெலினார் என்ற தொலைபேசி நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவில் யோன் வான் டெட்ஸ்னர், கெய்ர் இவார்சாய் ஆகிய இருவர் தொடங்கிய வேலை, 1995இல் தனி நிறுவனமானது. 2003இல் வந்த 7ஆம் பதிப்பிலிருந்து அதன் உள்ளே இருந்த எஞ்சினின் பெயர் பிரெஸ்டோ. எஞ்சின் என்றால், தளம் அனுப்பும் ஹெச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் எல்லாவற்றையும் படித்துப் பக்கமாக வரைகிற பகுதி.

ஒரே நிரலுக்குள் ஓபரா ஒரு சந்தையையே வைத்திருந்தது. மெயில் படிக்க எம்2, ஆர்எஸ்எஸ் ஓடை வாசிப்பான், ஐஆர்சி அரட்டை, குறிப்பு எழுத நோட்ஸ், கடவுச்சொல்லை நிரப்ப வாண்ட், பக்கவாட்டில் பேனல்கள், டேப்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கும் வசதி, ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனி செட்டிங்ஸ், விசைப்பலகைக் குறுக்குவழிகளை நம் இஷ்டத்துக்கு மாற்றும் வசதி. இன்று எல்லா உலாவிகளிலும் புது டேப் திறந்தால் கட்டம் கட்டமாகத் தளங்கள் தெரிகிறதே, அந்த ஸ்பீட் டயல் 2007இல் ஓபரா 9.2இல் வந்தது.

எஞ்சினை ஏன் மாற்றினார்கள்?

ஓபராவின் தீராத தலைவலி தளங்கள்தான். பல தளங்கள் உலாவியின் பெயரைப் பார்த்து, ஓபரா என்றால் அரைகுறையாகப் பக்கத்தை அனுப்பும், அல்லது உள்ளேயே விடாது. சில தளங்களின் நிரல்களுக்கு இரண்டு இலக்கப் பதிப்பு எண்ணைக்கூடப் படிக்கத் தெரியவில்லை. 10ஆம் பதிப்பு வந்தபோது "10"இல் முதல் இலக்கத்தை மட்டும் எடுத்து, இது ஓபரா 1 என்று முடிவு கட்டின. அதனால் ஓபரா 10, 11, 12 எல்லாமே தங்களை "9.80" என்று சொல்லிக்கொண்டுதான் தளங்களுக்குள் போயின.

உடைந்த தளங்களைச் சரிசெய்ய பிரவுசர்.ஜேஎஸ் என்று ஒரு கோப்பையே ஓபரா பராமரித்தது. இந்தத் தளம் வந்தால் இப்படி ஒட்டுப்போடு, அந்தத் தளம் வந்தால் அப்படி ஒட்டுப்போடு என்று. மற்றவர் தவறைத் தன் செலவில் திருத்துகிற வேலை அது, அதற்கு முடிவே கிடையாது.

2013 பிப்ரவரியில் நிறுவனம் இரண்டு செய்திகளைச் சேர்த்துச் சொன்னது. ஒன்று, எல்லாச் சாதனங்களையும் சேர்த்து மாதம் 30 கோடிப் பயனர்கள். இன்னொன்று, பிரெஸ்டோவை விட்டுவிட்டு, குரோமியம் என்ற திறந்த மூல அடித்தளத்துக்கும் அதன் வெப்கிட் எஞ்சினுக்கும் மாறுகிறோம். ஏப்ரலில் கூகுள் வெப்கிட்டிலிருந்து பிரிந்து பிளிங்க் எஞ்சினைத் தொடங்கியபோது, ஓபராவும் அந்தப் பக்கமே போனது.

கணக்காகப் பார்த்தால் இந்த முடிவில் நியாயம் உண்டு. ஆனால் பெரும்பாலான பயனர்கள் இதை "மோட்டாரை மாத்தறாங்க, வண்டி அதேதான்" என்று புரிந்துகொண்டார்கள். பழைய ஓபராவின் மெனு, டேப், பேனல் எல்லாம் அந்தப் பழைய அடித்தளத்தோடு பின்னிக் கிடந்தவை. அடித்தளம் போனால் மேலே உள்ளதையும் முதலிலிருந்து எழுதியாக வேண்டும். மே மாத இறுதியில் சோதனைப் பதிப்பு வந்தபோதுதான் இது பலருக்கும் உறைத்தது.

15இல் என்ன இருந்தது, என்ன இல்லை?

புதிதாக வந்தவை: செய்திகள் காட்டும் டிஸ்கவர், பக்கங்களைப் பிறகு பார்க்க எடுத்துவைக்கும் ஸ்டாஷ், மெதுவான இணைப்புக்கு ஆஃப்ரோடு மோடு, கோப்புறைகளோடு கூடிய ஸ்பீட் டயல்.

காணாமல் போனவை: மெயில் (தனி நிரலாகப் பிரிக்கப்பட்டது), ஆர்எஸ்எஸ், ஐஆர்சி, நோட்ஸ், வாண்ட், பேனல்கள், டேப் அடுக்கு, தளவாரி செட்டிங்ஸ், குறுக்குவழி மாற்றம், தோற்ற மாற்றம். எல்லாவற்றுக்கும் மேலாக, வழக்கமான புக்மார்க் வசதியே இல்லை. அதன் இடத்தை ஸ்பீட் டயலும் ஸ்டாஷும் பார்த்துக்கொள்ளும் என்பது ஏற்பாடு. முறையான புக்மார்க் மேலாளர் திரும்பி வந்தது 2014 அக்டோபரில், 25ஆம் பதிப்பில். லினக்ஸ் பயனர்களுக்கு 15ஆம் பதிப்பே கிடையாது. 2014 டிசம்பரில் 26ஆம் பதிப்பு வரும்வரை, 17 மாதம், அவர்கள் பழைய 12ஐ வைத்துத்தான் ஓட்டினார்கள்.

கோபத்தைப் பிரித்துப் பார்த்தால்

பயனர் எதிர்ப்பை மொத்தமாக எடைபோட்டால் ஒன்றும் விளங்காது. ஓபரா 15க்கு வந்த எதிர்வினைகளை நான் நாலு வகையாகப் பிரிக்கிறேன்.

முதல் வகை, கைப்பழக்கம். பொத்தான் இடம் மாறிவிட்டது, நிறம் பிடிக்கவில்லை. இது உண்மையிலேயே சில வாரங்களில் தணிந்துவிடும்.

இரண்டாவது, பெயர் சொல்லிக் கேட்கும் இழப்பு. "டேப் அடுக்கு எங்கே?", "நோட்ஸ் எங்கே?" என்பவை. இது தணியாது. இல்லாத பொருளுக்கு எப்படிப் பழகுவது?

மூன்றாவது, தரவு பற்றிய பயம். பத்து வருட மெயில், ஆயிரக்கணக்கான புக்மார்க், நோட்ஸில் எழுதிவைத்த குறிப்புகள் எல்லாம் என்ன ஆகும்? இந்தக் கேள்வி கேட்டவருக்கு விருப்பு வெறுப்பு பிரச்சினையே அல்ல.

நான்காவது, அடையாளம். "இது குரோமுக்கு ஓபரா சட்டை போட்ட மாதிரி இருக்கு" என்கிற வகை. குரோமையும் ஓபராவையும் ஒட்டி "குரோப்பெரா" என்று ஒரு கிண்டல் பெயரே உருவானது.

"பழகிடும்" என்ற பதில் முதல் வகைக்கு மட்டும்தான் செல்லும். அதை நாலுக்கும் சேர்த்துச் சொன்னால், மீதி மூன்று வகை ஆட்களும் கிளம்பிவிடுவார்கள்.

ஐந்து சதவீதக் கணக்கு

எந்த வசதியை வைத்துக்கொள்வது, எதை எடுப்பது என்று முடிவு செய்யும்போது, மென்பொருள் நிறுவனங்கள் பயன்பாட்டு எண்ணிக்கையைப் பார்ப்பது வழக்கம். "இந்த வசதியை 5 சதவீதம் பேர்தான் பயன்படுத்துறாங்க, எடுத்துடலாம்." தனியாகப் பார்த்தால் இது சரியாகவே தோன்றும்.

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். ஓர் உலாவியில் 20 சிறு வசதிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றையும் 5 சதவீதம் பேர் பயன்படுத்துகிறார்கள், ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் தொடர்பு இல்லை என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் குறிப்பிட்ட ஒரு வசதியைத் தொடாமல் இருக்க வாய்ப்பு 0.95. இருபதில் ஒன்றைக்கூடத் தொடாமல் இருக்க வாய்ப்பு 0.95ஐ இருபது முறை பெருக்கினால் வருவது, சுமார் 0.36. அப்படியானால் மீதி 64 சதவீதம் பேர் ஏதாவது ஒன்றையாவது பயன்படுத்துகிறார்கள். இருபதையும் ஒரே நாளில் எடுத்தால், மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைவான பேருக்கு ஏதோ ஒன்று போய்விடும்.

நிஜத்தில் வசதிகளுக்கு நடுவே தொடர்பு உண்டு. மெயில் பயன்படுத்துகிறவரே ஆர்எஸ்எஸ்ஸும் படிப்பார். அதனால் 64 என்பது குறையும். ஆனால் 5க்கு இறங்காது. அதோடு, இந்தக் கணக்கு எல்லோரும் பயன்படுத்துகிற உலாவிக்கும் மாற்று உலாவிக்கும் ஒரே மாதிரி பொருந்தாது. கணினியோடு வந்த உலாவியை ஒருவர் காரணமே இல்லாமல் பயன்படுத்தலாம். ஓபராவை யாரும் அப்படிப் பயன்படுத்தவில்லை, தேடிப் போய் இறக்கிக்கொண்டவர்கள் அவர்கள். தேடிப் போனவர் ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருந்தது, ஒருவர் காரணம் மெயில், இன்னொருவர் காரணம் குறுக்குவழி. அங்கே "சராசரிப் பயனர்" என்று ஒருவரைத் தேடினால், யாருக்குமே பொருந்தாத ஓர் ஆள்தான் கிடைப்பார்.

எஞ்சினுக்காக வருந்தியவர்கள்

அடையாளக் கோபத்தை வெறும் உணர்ச்சி என்று ஒதுக்கக் கூடாது. 2013 தொடக்கத்தில் பெரிய எஞ்சின்கள் நாலு: மைக்ரோசாஃப்டின் டிரைடென்ட், மொஸில்லாவின் கெக்கோ, ஆப்பிளும் கூகுளும் பகிர்ந்த வெப்கிட், ஓபராவின் பிரெஸ்டோ. தனித்தனியாக எழுதப்பட்ட பல எஞ்சின்கள் இருந்தால்தான், தளம் கட்டுகிறவர்கள் பொது விதியைப் பார்த்து எழுதுவார்கள். ஒன்றே எங்கும் இருந்தால், அதன் பிழைகளே விதியாகிவிடும். சிஎஸ்எஸ்ஸை முன்மொழிந்த ஹோகோன் வியூம் லீ நீண்டகாலம் தொழில்நுட்பத் தலைவராக இருந்த நிறுவனம் ஓபரா, பொது விதிகளுக்காக அவ்வளவு வாதாடிய இடம். அங்கிருந்தே ஓர் எஞ்சின் போனது பலரை உறுத்தியதில் வியப்பில்லை. 2018 டிசம்பரில் மைக்ரோசாஃப்டும் தன் எட்ஜ் உலாவியைக் குரோமியத்துக்கு மாற்றுவதாக அறிவித்தது. அன்று கவலைப்பட்டவர்கள் காரணமில்லாமல் கவலைப்படவில்லை.

பிறகு எங்கே போனார்கள்?

ஒரு கூட்டம் 12லேயே தங்கியது. 12.18 என்ற கடைசித் திருத்தம் 2016 பிப்ரவரியில் வந்தது. அதற்குள் தளங்கள் புதிய ஜாவாஸ்கிரிப்டுக்கு நகர்ந்திருந்தன, 12க்கு அது புரியவில்லை. ஒவ்வொரு தளமாக உடைந்தது. பாதுகாப்புத் திருத்தம் நின்றுபோன உலாவியில் வங்கி வேலை பார்ப்பது எவ்வளவு ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை. ஆக, பிடித்த உலாவியை விடாமல் வைத்திருப்பதற்கும் ஒரு விலை இருந்தது.

இன்னொரு கூட்டத்துக்கு 2015 ஜனவரியில் கதவு திறந்தது. 2011இலேயே ஓபராவை விட்டு விலகியிருந்த வான் டெட்ஸ்னர், விவால்டி என்ற புது உலாவியின் முன்னோட்டத்தை வெளியிட்டார். முதல் முன்னோட்டத்திலேயே டேப் அடுக்கும் நோட்ஸும் இருந்தன. பழைய ஓபராவின் புக்மார்க் கோப்பை அப்படியே உள்ளே எடுக்கவும் வழி செய்தார்கள். 1.0 வந்தது 2016 ஏப்ரலில். மெயில் 1.0 ஆகி வந்தது 2022 ஜூனில், அதாவது ஓபரா 15 வந்து ஏறக்குறைய ஒன்பது வருடம் கழித்து.

விவால்டியும் அதே குரோமியத்தின் மேல்தான் கட்டப்பட்டது. எஞ்சின் மாற்றத்தைத் திட்டிய பலர் விவால்டியில் போய் நிம்மதியாக உட்கார்ந்தார்கள். அப்படியானால் "இது குரோம்தானே" என்று சொன்னவர்களில் ஒரு பெரும் பகுதியினர், உண்மையில் சொல்ல வந்தது "என் வேலை இதுல நடக்கல" என்பதைத்தான். வாயில் வந்த சொல் எஞ்சின், மனதில் இருந்தது டேப் அடுக்கு. எஞ்சினுக்காகவே வருந்தியவர்கள் வேறு ஆட்கள், அவர்களுக்கு விவால்டியும் விடையாகவில்லை.

ஒப்பிட இன்னொரு உதாரணம் 2017 நவம்பரில் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 57. பழைய வகை ஆட்-ஆன்கள் அத்தனையும் அதில் நின்றுபோயின. எதிர்ப்பு பலமாகவே இருந்தது, சிலர் வாட்டர்ஃபாக்ஸ், பேல் மூன் பக்கம் போனார்கள். ஆனால் மொஸில்லா 2015 ஆகஸ்டிலேயே இந்தத் திசையை அறிவித்திருந்தது. உலாவியோடு வந்த புக்மார்க், ஒத்திசைவு எல்லாம் அப்படியே இருந்தன. கை வைத்ததும் வேகம் கூடியது தெரிந்தது. வசதி போன வருத்தம் இருந்தாலும், தரவு போகும் பயம் அங்கே பெரிதாக எழவில்லை.

ஓபரா என்ன செய்திருக்கலாம்? எஞ்சினை மாற்றாமல் இருந்திருக்கலாம் என்று நான் சொல்ல மாட்டேன், ஒட்டுப்போடும் செலவு அவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் 12க்குப் பிறகு 15 என்று எண் போட்டால், இது அடுத்த பதிப்பு, முன்பு இருந்ததெல்லாம் இருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். முதலிலிருந்து எழுதியதற்கு வேறு பெயர் வைத்து, எது எப்போது திரும்பும், எது திரும்பவே திரும்பாது என்று ஒரு பட்டியல் கொடுத்திருந்தால், கோபத்தில் பாதியாவது குறைந்திருக்கும். வராது என்று தெரிந்தால் பயனர் வேறு வழி பார்த்துக்கொள்வார். வருமா வராதா என்று தெரியாமல் காத்திருந்ததுதான் 12லேயே பலரைக் கட்டிப்போட்டது.

நம் பக்கமும் ஒரு வேலை இருக்கிறது. நீங்கள் இப்போது பயன்படுத்துகிற உலாவியில் எந்த ஒரு வசதி போனால் அதை விட்டுவிடுவீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். அந்த வசதியில் சேர்ந்திருக்கும் புக்மார்க், கடவுச்சொல், குறிப்பு எதுவானாலும் அதை வேறு உலாவி படிக்கும் கோப்பாக வெளியே எடுக்க முடிகிறதா என்று இன்றே ஒருமுறை முயன்று பாருங்கள். முடியவில்லை என்றால், அந்த வசதியில் மேற்கொண்டு எதையும் சேர்க்காமல் இருப்பது நல்லது.