பெயரில் வாழும் விலங்குகள்

சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் நாம் முன்பதிவுக் கவுண்ட்டரில் அமர்ந்திருந்தபோது, முதியவர் ஒருவர் படிவமொன்றை நீட்டினார். அதில் கண்ட குடும்பப் பெயர் ‘நக்கா’. தெலுங்கில் அது நரியைக் குறிக்கும். “நரியாருக்கும் சென்னை செல்ல இடம் வேண்டுமாம்!” என்று அருகிலிருந்த நண்பரிடம் தமிழில் கூறி நகைத்தோம். முதியவரோ தெளிந்த தமிழிலேயே, “தம்பி, உங்கள் குடும்பத்தில் நாகம்மாள் என்று ஒரு பாட்டி இருந்திருப்பாரே, அவரைப் பாம்பு என்று யாரேனும் நகைத்ததுண்டா?” என்று வினவினார்.

நம் தந்தையைப் பெற்ற பாட்டியின் பெயர் நாகம்மாள்தான். மறுமொழி கூற நாவெழவில்லை. அவர் இடம் கேட்ட வண்டியோ கருடாத்திரி எக்ஸ்பிரஸ்! வண்டிக்குக் கருடன் பெயர் பெருமை தருமாயின், மனிதருக்கு நரியின் பெயர் மட்டும் இழிவாவது எங்ஙனம்? அன்று முதல் இதுபற்றிப் படித்தும் கேட்டும் அறிந்தவற்றுட் சிலவற்றை வாசகர்முன் வைக்கின்றோம்.

நாம் வாழும் இப்பகுதியே விலங்குப் பெயர்களால் நிறைந்தது. திருமலையின் ஏழு மலைகளுள் சேஷாத்திரி ஆதிசேடனுக்கும், கருடாத்திரி கருடனுக்கும் உரியவை. அங்கே தங்கும் அடியார்க்குக் கருடாத்திரி நகர்க் குடில்களும் வராகசுவாமி விருந்தினர் விடுதியும் உள்ளன. 2022ஆம் ஆண்டில் உருவான திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்த ஸ்ரீகாளஹஸ்தியின் பெயரிலோ மூன்று உயிர்கள் வாழ்கின்றன. ‘ஸ்ரீ’ சிலந்தி, ‘காள’ பாம்பு, ‘ஹஸ்தி’ யானை. மூன்றும் இறைவனை வழிபட்டுப் பேறு பெற்றன என்பது தலவரலாறு.

மேலைநாட்டிலும் விடுதிகளுக்கு விலங்குப் பெயரிடும் வழக்கம் பழமையானது. இங்கிலாந்தில் 1393ஆம் ஆண்டில் இரண்டாம் ரிச்சர்டு மன்னர், மது விற்கும் விடுதிகள் அடையாளப் பலகை வைத்தல் வேண்டுமென ஆணையிட்டார். எழுத்தறியாதவரும் படத்தைக் கண்டு விடுதியை அறிந்தனர். அம்மன்னரின் சின்னமாகிய வெண்மானின் பெயரை அந்நாட்டு விடுதிகள் பல இன்றும் தாங்கி நிற்கின்றன.

கப்பல்களும் அவ்வாறே. டிரேக் என்னும் மாலுமி உலகைச் சுற்றிய கப்பலின் முதற்பெயர் ‘பெலிக்கன்’, அதாவது கூழைக்கடா. 1578ஆம் ஆண்டில் அதனைப் ‘பொன் பெண்மான்’ என மாற்றினார். மான் அவருடைய புரவலரின் குடிச்சின்னம். விலங்கின் பெயரால் நன்றி செலுத்தியவாறு இது. சென்னைப் பகுதியில் கோட்டை கட்டிக்கொள்ள வெங்கடாத்திரி நாயக்கர் 1639ஆம் ஆண்டில் இசைவளித்தபின், மறு ஆண்டு ஆங்கிலேயர் அங்கு வந்திறங்கிய கப்பல்களுள் ஒன்றின் பெயர் ‘ஈகிள்’, அதாவது கழுகு. இவற்றுக்கெல்லாம் நெடுங்காலம் முன்னரே குதிரை முகமும் யானை முகமும் சிங்க முகமும் கொண்ட ஓடங்கள் வையைத் துறையில் இயங்கியதைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது.

இனி மக்கட்பெயருக்கு வருவோம். தெலுங்கு மக்கள் ‘இண்டி பேரு’ எனப்படும் குடும்பப் பெயரை முன்னே வைத்தெழுதுவர். மேகா ஆடு, பில்லி பூனை, குர்ரம் குதிரை. பெருங்கவிஞர் குர்ரம் ஜாஷுவா (1895–1971) இவ்வாறு குதிரையின் பெயரைத் தாங்கியவரே. கோயிலுக்குள் அனுமதிக்கப்படாத ஏழை ஒருவன் தன் துயரைச் சிவபெருமானிடம் வௌவால் வாயிலாகச் சொல்லியனுப்புவதாக அவர் பாடிய காவியத்தின் பெயர் ‘கப்பிலம்’. அச்சொல்லின் பொருளும் வௌவாலே. மனிதன் நுழையக் கூடாத இடத்தில் வௌவால் தடையின்றி நுழையும் அன்றோ!

நரியைக் கண்டு நகைத்த நாம் நம் இலக்கியத்தையும் மறந்தோம். புறநானூற்றுப் புலவர் ஒருவரின் பெயர் நரிவெரூஉத்தலையார். அவர் பெயரிலும் நரி உண்டு!

நம் பிள்ளைகள் தெலுங்குப் பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் பயில்கின்றனர். பெயர் அழைக்கும் வேளையில் நகைப்பு எழுவது நம் வீட்டிலிருந்து சென்ற பழக்கமாயின், அதனைத் திருத்தும் கடமையும் நம்முடையதே. இன்றிரவு உணவு வேளையில் குடும்பத்து முன்னோர் பெயர்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். நாகம்மாளும் கிளியம்மாளும் மயில்சாமியும் அவற்றுள் இருப்பர். அதன்பின் ‘நக்கா’ என்னும் பெயர் அவர்கள் செவிக்கு வேடிக்கையாகத் தோன்றாது.

அம்முதியவரை நாம் மீண்டும் கண்டிலோம். கண்டிருப்பின் நேரிற் கூறியிருக்க வேண்டிய மன்னிப்பை இங்கே எழுதி வைக்கின்றோம்.